சாரல் நாளில் வீட்டுக்குள் பிள்ளைகள்: காலை முதல் இரவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு வழக்கமான நாளாக ஜூன் 1ஐ வானிலைத் துறை கொள்கிறது. அதையொட்டி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கமெல்லாம் சாரலைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பெரியவர்களுக்கு அது குற்றாலக் காலம். பிள்ளைகளுக்கோ தெருவும் திடலும் கைவிட்டுப் போய், தார்சாவிலும் பட்டாசாலையிலும் அடைந்து கிடக்கும் காலம். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை வேறு விதமாக இருக்கும். சாரல் நாள் முழுவதும் தூறிக்கொண்டே இருக்கும், ஆனால் அச்சுறுத்தாது; வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் பிற்பகலில் இடி மின்னலோடு இறங்கும், பள்ளிக்கு விடுமுறையும் வாங்கித் தரும். இந்த இரண்டு வகை நாள்களையும் மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எங்கள் கூட்டுக் குடும்பத்தில் மூன்று வயது முதல் பதினொரு வயது வரை நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். மழை நாளுக்கு விளையாட்டுப் பொருள்கள் நிறைய இருந்தால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வண்ணப் பெட்டி, களிமண், அட்டைகள், பல்லாங்குழி என்று இருந்த அனைத்தையும் எடுத்துப் பரப்பிவிட்டேன். பத்தரை மணிக்கெல்லாம் எல்லாம் சலித்துவிட்டது. பதினொரு மணிக்குச் சண்டை தொடங்கியது. மதியச் சோற்றுக்கு முன்பே கைப்பேசி அவர்கள் கைக்குப் போய்விட்டது. அன்றைக்கு வீட்டில் பொருளுக்குக் குறைவில்லை. எதை முதலில் செய்வது, எதை மாலை வரை ஒளித்து வைப்பது என்ற ஒழுங்குதான் என்னிடம் இல்லை. முதலில் உடம்பு களைக்க வேண்டும், அதன் பிறகு கைக்கு வேலை வேண்டும், அதன் பிறகு உட்கார்ந்து ஆடும் ஆட்டம், இருட்டிய பிறகு கண்ணுக்கும் காதுக்கும் உரியவை. இந்த வரிசையைக் கடைப்பிடித்தால் பாதிப் பொருளைக் கொண்டே முழு நாளையும் கடத்திவிடலாம்.

முந்தின இரவே செய்ய வேண்டியவை

ஒரு பழைய தகரப் பெட்டியில் புளியங்கொட்டை, சாக்பீஸ், பயன்படுத்திய கல்யாணப் பத்திரிகைகள், பழைய செய்தித்தாள், சீவிய ஈர்க்குகள், கோந்து, நூல், டார்ச் விளக்கு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பெட்டி பெரியவர் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு பொருள்தான் வெளியே வர வேண்டும் என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், அடுத்தது என்ன வரப்போகிறது என்ற ஆவலே அவர்களைப் பாதி நேரம் கட்டிப்போடும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல்லாங்குழிக்கென்று நம் பக்கத்தில் சிலர் வேலியிலிருந்து குன்றிமணி பொறுக்கிக் கொண்டுவருவார்கள். சிவப்பில் கருப்புக் கண் வைத்த அந்த மணி பார்க்க எவ்வளவு அழகோ, உள்ளே அவ்வளவு கொடிய நஞ்சு. கடித்து மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது இருக்கவே கூடாது. புளியங்கொட்டையும் கூட, மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் மூக்கிலோ தொண்டையிலோ அடைத்துக்கொள்ளும். ஆகவே விதை வைத்து ஆடும் நேரம் எதுவாயினும் சின்னப் பிள்ளை தூங்கும் நேரமாகவோ ஒருவர் மடியில் இருக்கும் நேரமாகவோ இருக்கட்டும்.

காலை: மழையிடமிருந்தே தொடங்குங்கள்

மழையைப் பகையாக நினைத்துச் சன்னலை அடைத்துக்கொண்டு விளையாட வைப்பதைவிட, அந்த மழையையே நாளின் முதல் விளையாட்டாக்கிவிடுவது மிகவும் எளிது. இதற்கு ஒரு மழைமானி போதும். வாயிலிருந்து அடி வரை ஒரே அகலமாக இருக்கும் கண்ணாடிக் குவளையோ டப்பாவோ எடுத்து, உட்புற அடியிலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் ஓர் அளவுகோலை அதன் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள். கிடைப்பது குளிர்பான பாட்டில் என்றால், கழுத்தை வெட்டிவிட்டு, அடியிலுள்ள மேடுபள்ளம் மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்துக்கொள்ள வேண்டும். கூரையிலிருந்தோ மரத்திலிருந்தோ நீர் சொட்டாத வெட்டவெளியில், சாயாதபடி இரண்டு செங்கல்லுக்கு நடுவே அதை நிறுத்துங்கள். மறுநாள் காலை எட்டரை மணிக்கு அளவைப் பார்க்க வேண்டும். வானிலைத் துறையும் அந்த நேரத்தைக் கொண்டுதான் ஒரு நாளின் மழையைக் கணக்கிடுகிறது.

எங்கள் எட்டு வயதுப் பெண், "சித்தி, பெரிய டப்பா வைத்தால் மழை கூடுதலாகக் காட்டாதா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வி எந்தப் பிள்ளைக்கும் வரும், வர வேண்டும். விடையைச் சொல்லிவிடாதீர்கள், அகலமான டப்பா ஒன்றும் ஒடுக்கமான டப்பா ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் நீரின் உயரம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கண்ணால் கண்டபின், வாய் அகலமானால் நீரும் கூடும், அந்த நீர் பரவும் இடமும் கூடும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூத்த பிள்ளைகளுக்கு இதிலிருந்து கணக்கும் கிடைக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள முற்றத்தில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 180 லிட்டர். பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தில் பன்னிரண்டு குடம். எங்கள் முற்றத்தில் அவ்வளவு விழுந்ததை நம்பாமல் பதினொரு வயதுப் பையன் முற்றத்தை முழம் போட்டு அளந்து, பிறகு டேப்பால் அளந்து, அரை மணி நேரம் வேறு எதையும் கேட்கவில்லை. நாள்தோறும் கிடைக்கும் அளவைத் தினசரி நாள்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதி வைக்கட்டும். ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை என்ற வானிலைத் துறையின் வகைப்பாட்டையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், தொலைக்காட்சியில் அந்தச் சொற்கள் வரும்போது பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பதைப் பார்க்கலாம்.

உடம்பு களைக்கட்டும்

உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும் அளவுக்கு நாளொன்றுக்கு 60 நிமிடமாவது வேண்டும். மழை பெய்கிறது என்பதால் உடம்பின் இந்தத் தேவை குறைந்துவிடாது. காலையிலேயே இதைத் தீர்த்துவிடாமல் வண்ணம் தீட்டு, படம் வரை என்று உட்கார வைத்தால் பதினொரு மணிச் சண்டை உறுதி.

எங்கள் வீட்டில் இதற்கு ரயில் விளையாட்டுதான். செங்கோட்டைக்கும் மலைக்கு அப்பால் கேரளத்திலுள்ள புனலூருக்கும் இடையே 1904இல் வந்த மலைப்பாதை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொந்தச் சொத்துப் போன்றது. 2018இல் அகலப்பாதையாக மீண்டும் திறந்தபின் அவர்களும் அதில் போய் வந்திருக்கிறார்கள். தார்சாவில் சாக்பீஸால் தண்டவாளம் வரைந்து, பகவதிபுரம், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, ஒற்றைக்கல், இடமண், புனலூர் என்று அறைக்கு அறை நிலையப் பெயர்களை எழுதி ஒட்டுங்கள். இரண்டு பெஞ்சுகளின் மேல் போர்வையைப் போர்த்தினால் ஆரியங்காவுக்கு முன்னால் வரும் குகை தயார். அதற்குள் தவழ்ந்துதான் போக வேண்டும். தலையணைகளைப் பதின்மூன்று இடங்களில் இடைவெளி விட்டுப் போட்டால் கழுதுருட்டிப் பக்கத்துப் பதின்மூன்று கண் பாலம். தரையைத் தொடாமல் தாவித் தாவிக் கடக்க வேண்டும். அவ்வளவு தலையணை எந்த வீட்டிலும் இராது, மடித்த கோணிப்பையும் பழைய சேலையும் போதும். வழுக்கும் தரையானால் துணிக்குப் பதில் சாக்பீஸ் வட்டங்களே நல்லது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு வேலை வையுங்கள்: தென்மலையில் பத்துத் தோப்புக்கரணம், இடமணில் நொண்டியடித்துத் திரும்புதல், புனலூரில் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுச் செங்கோட்டைக்குத் திரும்புதல். மூத்த பிள்ளைக்குக் கார்டு வேலையைக் கொடுத்துவிட்டால், சின்னவர்களைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பை அவரே மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்வார். இப்படி நாற்பது நிமிடம் ஓடினால் போதும்.

அடுக்களையில் உண்மையான வேலை

ஓடிக் களைத்த பிள்ளைக்குப் பசிக்கும். அந்தப் பசியையே கைவேலைக்குத் திருப்பிவிடுங்கள். பொம்மைச் சமையல் பாத்திரத்தைவிட உண்மையான பாத்திரத்தின்மீதுதான் பிள்ளைகளுக்கு ஆசை என்பதை எந்தத் தாயும் அறிவாள். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுபோல் உண்ணும் புட்டு, பிள்ளைகள் கைக்கு மிகப் பொருத்தமான பண்டம் என்பது என் எண்ணம்.

முதலில் வறுத்த அரிசிமாவை அகன்ற தாம்பாளத்தில் கொட்டி, உப்புக் கலந்த நீரை ஒரு பிள்ளை தெளிக்க, இன்னொரு பிள்ளை விரல் நுனியால் பிசிறட்டும். ஒரே முறையில் நீரை ஊற்றிவிட்டால் மாவு கட்டிபட்டுவிடும் என்பதால் தெளிப்பது கையளவாகவே இருக்க வேண்டும். பதம் பார்ப்பதுதான் இதில் பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி: ஒரு பிடி மாவை உள்ளங்கையில் இறுக்கினால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர்ந்துவிட வேண்டும். கட்டி இருந்தால் சல்லடையில் தேய்த்து உதிர்க்கலாம். பிறகு புட்டுக்குழலில் முதலில் தேங்காய்த்துருவல், அதன்மேல் மாவு, மறுபடியும் தேங்காய் என்று அவர்களே அடுக்கட்டும். அழுத்தக் கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள், அழுத்தினால் ஆவி ஏறாது. அடுப்பில் ஏற்றுவதும் இறக்குவதும் பெரியவர் வேலை. பிள்ளைகள் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, குழலின் மேல்துளையில் ஆவி எப்போது வருகிறது என்று பார்த்துச் சொல்லட்டும். ஆவி வந்து ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். தாம் அடுக்கிய தேங்காய் வரியும் மாவு வரியும் குழலிலிருந்து அப்படியே வெளியே வருவதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் வருகிற பூரிப்புக்காகவே மழை நாளில் புட்டு அவிக்கலாம்.

சீடை உருட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். காற்று அடைபட்ட சீடை கொதிக்கும் எண்ணெயில் வெடிக்கும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும் நாளில் அதை நான் தவிர்ப்பேன்.

இடி இல்லாத சாரல் நாளானால், சாப்பாட்டுக்கு முன் முற்றத்தில் காகிதக் கப்பலும் விடலாம். அடிப்பக்கத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் தாள் சீக்கிரம் ஊறாது. யார் கப்பல் கூடுதலான புளியங்கொட்டையைத் தாங்குகிறது என்று பந்தயம் வைத்தால், கத்திக்கப்பலா சாதாரணக் கப்பலா என்ற வழக்கு நெடுநேரம் நடக்கும். கை குழந்தை இருக்கும் வீட்டில் வாளியிலும் தொட்டியிலும் நான்கு விரல்கடை நீர்கூட நிற்கவிடாதீர்கள். அவ்வளவு நீரே ஆபத்துக்குப் போதும்.

பிற்பகல்: உட்கார்ந்து ஆடும் ஆட்டங்கள்

சாப்பிட்டபின் சின்னவர் தூங்கும் நேரமே விதை ஆட்டங்களுக்கு ஏற்றது. பல்லாங்குழிப் பலகை இல்லாவிட்டால் தரையில் ஏழு ஏழாக இரண்டு வரிசை வட்டம் போட்டுக்கொள்ளலாம். குழிக்கு ஐந்து வீதம் 14 குழிகளுக்கு 70 விதை. ஆடுபவர் தம் பக்கத்துக் குழி ஒன்றிலுள்ள விதைகளை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே எதிர் வரிசையிலும் சுற்றிவர வேண்டும். கைவிதை தீர்ந்ததும் அதற்கடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடரலாம். அந்த அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதைத் தமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு முறை எதிராளிக்குப் போகும். இரண்டு குழிகள் சேர்ந்தாற்போல் வெறுமை என்றால் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் நான்கு விதை சேர்ந்தால் அது பசு. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். வீட்டுக்கு வீடு முறை மாறும், ஆகையால் ஆச்சி சொல்லும் முறையே உங்கள் வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். ஆறு வயதில் எண்ணிப் பார்த்து ஆடும் பிள்ளை, எட்டு வயதில் எண்ணாமலே கண்ணால் கணக்குப் போடத் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது வயதுக்கு மேல் ஆடுபுலி ஆட்டம் பிடித்துவிடும். களத்தை வரைவதே ஒரு வேலை. ஓர் உச்சிப் புள்ளியிலிருந்து நான்கு சாய்கோடுகளைக் கீழே விரித்து இறக்கி, அவற்றின் முனைகளை ஒரு கோட்டால் இணையுங்கள். நடுவே மூன்று கிடைக்கோடுகளை இரு புறமும் வெளியே நீளுமாறு போட்டு, நீண்ட முனைகளை அந்தந்தப் பக்கத்தில் நெடுக்குக் கோட்டால் சேருங்கள். உச்சியில் ஒன்று, கிடைக்கோட்டுக்கு ஆறு வீதம் பதினெட்டு, அடியில் நான்கு என 23 புள்ளிகள் வந்தால் களம் சரி. புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும் வரை அவை நகரக் கூடாது. புலி மட்டும் நகரலாம், பக்கத்து ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் வெற்றிடம் இருந்தால் தாவி வெட்டலாம். மூன்று புலிகளையும் அசையவிடாமல் கட்டிவிட்டால் ஆட்டுக்காரருக்கு வெற்றி. தோற்றுப் பழகாத பிள்ளைக்கு முதலில் புலியைக் கொடுங்கள். இரண்டு நாள் கழித்து ஆட்டைக் கொடுங்கள்.

புனலூரில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பிள்ளைகள் கொண்டுவந்த ஈர்க்கில் களியையும் சொல்ல வேண்டும். தென்னை ஈர்க்கில் ஒரு நீளத் துண்டு, நடுத்தரத்தில் இரண்டு, குட்டையில் பத்து வெட்டிக்கொள்ளுங்கள். கைப்பிடியில் அடக்கித் தரையில் விழவிட்டு, மற்றது அசையாமல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அசைந்தால் முறை போய்விடும். எங்கள் வீட்டில் நூறு, ஐம்பது, பத்து என்று மதிப்பெண். ஐந்தாங்கல்லையும் அவர்கள் கொத்தங்கல் என்ற பெயரில் நன்றாகவே ஆடுகிறார்கள். பெயர் வேறாக இருந்தாலும் கல்லும் கையும் ஒன்றே என்று கண்டபோது எங்கள் பிள்ளைகளுக்கு இருந்த வியப்பு, எனக்கும் இருந்தது.

இதற்குப் பின் அரைமணி நேரம் எந்த ஏற்பாடும் செய்யாதீர்கள். "போர் அடிக்கிறது" என்பார்கள். அடிக்கட்டும். சன்னலோரம் உட்கார்ந்து தாழ்வாரத்துச் சொட்டை எண்ணும் பிள்ளையைக் கலைக்க வேண்டியதில்லை.

கைப்பேசியைப் பற்றி ஒரே சொல்: இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதற்குக் குறைந்தால் இன்னும் நல்லது, இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம் என்பது மேலே சொன்ன அதே பரிந்துரை. கொடுப்பதானால் மாலையில், நேரம் சொல்லிக் கொடுங்கள். காலையில் கொடுத்தால் அன்றைய மற்ற எதுவும் சுவைக்காது.

இடி இடித்தால்

முற்ற விளையாட்டை உடனே நிறுத்தி எல்லோரையும் உள்ளறைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். சன்னல் கம்பி, குழாய், மின்கம்பியோடு இணைந்த கருவிகள் ஆகியவற்றைத் தொடாமல் இருக்கட்டும். குளியலும் பிறகு ஆகட்டும். பயப்படும் பிள்ளைக்கு எண்ணுவதைப் போல் மருந்து இல்லை. மின்னல் தெரிந்ததும் நொடிகளை எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, வந்த எண்ணை மூன்றால் வகுத்தால் மின்னல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்பது தெரியும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி எடுக்கிறது. ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து என்று எண் கூடக்கூட, இடி மலையேறிப் போகிறது என்று எங்கள் ஆறு வயதுப் பையன் தானே சொல்லிவிட்டுத் தூங்கப் போனான். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை யாரும் வெளியே இறங்கக் கூடாது.

இருட்டியபின்: பாவைக்கூத்து

மின்சாரம் போகும் நேரத்துக்கென்றே இதை ஒளித்து வைத்திருக்கிறேன். பாலக்காட்டுப் பக்கத்துப் பத்ரகாளி கோவில்களின் கூத்துமாடங்களில் இன்றும் நடக்கும் தோல்பாவைக்கூத்தில், திரைக்குப் பின்னால் 21 விளக்கு ஏற்றி, கம்பராமாயணப் பாடல்களைப் பாடியே கதை நடத்துகிறார்கள். மலையாள நாட்டுக் கோவிலில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கிறது என்பதை எல்லையோரத்துப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நம் வீட்டுக் கூத்துக்கு ஒரு வெள்ளை வேட்டியும் டார்ச்சும் போதும். மெழுகுவர்த்தி துணியருகே வேண்டாம். பகலிலேயே கல்யாணப் பத்திரிகை அட்டையில் உருவங்களைப் பக்கவாட்டு முகமாக வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள், நேர்முகமானால் நிழலில் அடையாளம் தெரியாது. கண்ணுக்கும் நகைக்கும் ஊசியால் துளையிட்டால் ஒளி புள்ளியாக விழும். கையையும் தோளையும் நூல் முடிச்சால் கோத்து, கைக்கு ஓர் ஈர்க்கு, முதுகுக்கு ஓர் ஈர்க்கு ஒட்டுங்கள். வேட்டியை இரண்டு நாற்காலிகளுக்கு இடையே இறுக்கிக் கட்டி, டார்ச்சைப் பின்னால் நான்கடி தள்ளி வைத்துவிட்டுப் பாவையை நகர்த்திப் பாருங்கள். துணியோடு ஒட்டினால் நிழல் கூர்மையாகச் சிறிதாக இருக்கும், விளக்கை நெருங்கினால் பூதமாக வளரும். பூதம் எப்போது வர வேண்டும் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்வார்கள். கதையையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் சென்ற ஆனியில் புட்டுக்குழல் ஒன்று ரயிலேறிப் புனலூருக்குப் போன கதையைத் தொடர்ந்து மூன்று இரவு பார்த்தோம்.

படுக்கும் முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முற்றத்திலும் வாசலிலும் கப்பல் விட்ட பாத்திரங்கள், சிரட்டைகள், மூடிகள் எதிலும் நீர் தங்காமல் கவிழ்த்து வைக்க வேண்டும், டெங்குக் கொசு அந்த நீரில்தான் முட்டையிடும். மழைமானியை மட்டும் காலை எட்டரை வரை விட்டுவையுங்கள். மற்றொன்று, புளியங்கொட்டைகளைப் பிள்ளைகளைக் கொண்டே எண்ணிப் பெட்டியில் போடுவது. எழுபது இருக்க வேண்டும். அறுபத்தொன்பது என்றால், பாய்க்கு அடியிலும் சின்னவரின் சட்டைப் பையிலும் தேடிக் கண்டெடுத்த பிறகே விளக்கை அணையுங்கள்.